எண்ணெயில் நீர் எவ்வளவு?

பாலையும் நீரையும் கலந்து வைத்தால் அன்னப்பறவை பாலை மட்டும் பருகி நீரை ஒதுக்கிவிடும் என்று நம் பழம்புலவர்கள் பாடிவைத்திருக்கிறார்கள். அந்தப் பறவைகளுள் ஒன்று நம் விடுதிச் சமையற்கட்டில் இருக்கலாகாதா என்று, காலைக் காப்பியைக் கையில் வாங்கும்போதெல்லாம் நம்மில் பலர் ஏங்கியதுண்டு. அன்னம் அகப்படவில்லை, ஆகவே மனிதன் பால்மானியைச் செய்துகொண்டான். நாம் கல்வி கற்க வந்து தங்கியிருக்கும் குஜராத் மாநிலம் பாலுக்குப் பெயர் பெற்றது. கேடா மாவட்டத்துப் பால் கூட்டுறவு 1946-ஆம் ஆண்டில் தோன்றியது. இன்றும் சிற்றூர்ச் சங்கங்களில் பால் ஊற்ற வருபவருக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்து மட்டும் பணம் தருவதில்லை. பாலின் தரத்தைச் சோதித்தே தருகிறார்கள்.

பாலுக்குள்ள இந்தத் தொல்லை இம்மாநிலத்தின் மற்றொரு செல்வத்திற்கும் உண்டு. அதுதான் கச்சா எண்ணெய். எண்ணெயோடு நீர் கலந்தே வருகிறது. குழாயில் ஓடும் எண்ணெயில் நீர் எவ்வளவு என்று அறிய அதற்கென ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும், அதைவிட முக்கியமாக அதை எங்கே பொருத்த வேண்டும் என்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ‘எங்கே’ என்ற கேள்வியில் ஒரு மனிதரின் பிழைப்பே அடங்கியிருந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

முன்னுரையாக என்னைப் பற்றி இரண்டு சொற்கள். நான் திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவன். நெல்வயல்களுக்கு அப்பால் எண்ணெய்க் கிணற்று எரிவாயு இரவெல்லாம் தீயாக எரிவதைத் திண்ணையிலிருந்து பார்த்து வளர்ந்தவன். ஆயினும் அந்தத் தீக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை, பௌதிக முதுகலை மாணவனாக இங்கே வந்து, ஓர் எண்ணெய் நிலையத்தில் ஆறு வாரப் பயிற்சி பெற்றபோதுதான் அறிந்துகொண்டேன்.

நீர் எங்கிருந்து வந்தது?

நிலத்தடியில் எண்ணெய் ஓர் ஏரியைப் போலத் தேங்கிக் கிடக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. மணற்பாறையின் நுண்ணிய துளைகளுக்குள், கடற்பஞ்சு நீரை ஏந்தியிருப்பதுபோல, பாறை எண்ணெயை ஏந்தியிருக்கிறது. எண்ணெய் இலேசானது, ஆகவே அது மேலே நிற்கும். அதன் கீழும் பக்கங்களிலும் பன்னெடுங்காலத்துப் பழைய உப்புநீர் நிற்கும். எண்ணெயை எடுக்க எடுக்க, அது இருந்த இடத்தை நோக்கி நீர் ஏறி வருகிறது. போதாக்குறைக்கு, நிலத்தடி அழுத்தம் குன்றாமலிருக்க நாமே வேறு கிணறுகள் வழியாக நீரை உள்ளே செலுத்துகிறோம்.

குஜராத்தில் முதன்முதலாகக் கம்பாத் அருகே லூனேஜில் 1958-ஆம் ஆண்டு எண்ணெய் கண்டார்கள். 1960-ல் அங்கலேஷ்வர் வந்தது. நம் நகருக்கு அருகிலுள்ள கோயலி சுத்திகரிப்பாலை 1965-ல் வேலையைத் தொடங்கியது. ஆகவே இங்குள்ள வயல்களுள் பல முதுமை எய்தியவை. முதுமையடைந்த கிணற்றில் எண்ணெயைக் காட்டிலும் நீர் மிகுதியாக வருவது உலகெங்கும் உள்ள வழக்கம்.

கிணறுகளிலிருந்து வருவதை ஒரு சேகரிப்பு நிலையத்தில் கூட்டுகிறார்கள். அங்கே பெரிய இரும்புக் கலங்களில் வாயு மேலே பிரிகிறது. நீரின் பெரும்பகுதி கீழே இறங்குகிறது. ஆனால் எல்லா நீரும் இறங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத சிறு சொட்டுகளாக எண்ணெய்க்குள்ளேயே தங்கிவிடும். இதற்குப் பால்மம் என்று பெயர். தயிர் கடையும்போது மோரும் வெண்ணெயும் பிரியாமல் அடம்பிடிக்கும் அந்த நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிறிது நீர் இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். மூன்று வகையில் கேடு உண்டு. முதலாவது, கணக்கு. நாள் ஒன்றுக்கு 10,000 பீப்பாய் செல்லும் குழாயில் 1 சதவிகிதம் பிழையானால் 100 பீப்பாய், அதாவது 15,900 லிட்டர், எண்ணெயின் பெயரால் நீராகப் போகிறது. இரண்டாவது, துரு. எண்ணெய் இரும்பை அரிப்பதில்லை. அதனடியில் தேங்கும் உப்புநீரே அரிக்கிறது. மூன்றாவது, சுத்திகரிப்பாலை. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. கொதிக்கும் எண்ணெயில் நீர் பட்டால் என்னவாகும் என்பதை, ஈரக் கரண்டியை வாணலியில் விட்ட எந்தத் தாயும் சொல்லுவாள். இதனால்தான் குழாயில் ஏற்றும் எண்ணெயில் நீரும் கசடும் சேர்ந்து அரை அல்லது ஒரு சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது எனப் பல இடங்களில் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்குப் போகும் உள்குழாய்களில் சற்றுக் கூடுதலாக விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் எவ்வளவு என்ற கணக்கு எங்கும் வேண்டும்.

கருவி எப்படி அறிகிறது?

பழைய முறை புட்டி முறையே. குழாயிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைச்சாலையில் ஆராய்வார்கள். டீன், ஸ்டார்க் என்ற இருவர் 1920-ல் வகுத்த முறையில் எண்ணெயைக் கரைப்பானோடு கொதிக்கவைத்து, ஆவியாகும் நீரைக் குளிர்வித்து, அளவுக்குழலில் சேர்த்துப் படிக்கிறோம். கார்ல் ஃபிஷர் 1935-ல் வகுத்த வேதிமுறை மிகச் சிறிதளவு நீரையும் காட்டிக்கொடுக்கும். இவ்விரு முறைகளும் இன்றும் நம்பத்தக்கவை. ஆனால் புட்டி அது நிரம்பிய நொடியை மட்டுமே அறியும். இரவு முழுவதும் ஓடிய எண்ணெய்க்கு அதனால் சாட்சி சொல்ல இயலாது. ஆகவே குழாய்க்குள்ளேயே இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கருவி தேவைப்பட்டது.

அவற்றுள் ஒருவகை, நம் பால்மானியைப் போலவே அடர்த்தியைப் பார்க்கிறது. ஒரு கனமீட்டர் எண்ணெய் 850 கிலோ, நீர் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கலவை 865 கிலோ இருந்தால், வித்தியாசமான 150-ல் 15 ஏறியிருக்கிறது. ஆகவே நீர் 10 சதவிகிதம். எளிய கணக்கு. ஆனால் எண்ணெய் கனமாக இருந்தால்? மெஹ்சாணா வட்டாரத்துப் பாலோல், சாந்தால் வயல்களில் வரும் எண்ணெய் பாகுபோன்று கனமானது. எண்ணெய் 960 கிலோ என்றால் நீருக்கும் அதற்கும் இடையே 40-தான் வித்தியாசம். அடர்த்தியில் 2 கிலோ பிழை நேர்ந்தாலே நீரின் கணக்கில் 5 சதவிகிதம் தவறிவிடும். எண்ணெய் மூன்று டிகிரி சூடேறினாலே அந்த 2 கிலோ குறைந்துவிடும்!

மற்றொரு வகை மின்தேக்கியைக் கொண்டு அறிகிறது. இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே ஒரு பொருளை வைத்தால், அவை எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பது அப்பொருளின் மின்காப்பு மாறிலியைப் பொறுத்தது என்று நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எண்ணெயின் மாறிலி ஏறத்தாழ 2.2; நீரின் மாறிலியோ 80. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குழாயின் நடுவே ஓர் உலோகக் கம்பியை நீட்டினால், கம்பியும் குழாய்ச்சுவரும் இரு பரப்புகள். இடையில் ஓடும் எண்ணெயே மின்காப்புப் பொருள். நீர் கூடினால் மின்தேக்குத் திறன் கூடும். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. நீர் சொட்டுச்சொட்டாகச் சிதறிக் கிடப்பதால் 10 சதவிகித நீருக்கு மாறிலி 10 ஆகிவிடுவதில்லை. ஏறத்தாழ 3 தான் ஆகிறது. 1 சதவிகிதத்திற்கு 2.2 என்பது 2.27 ஆகிறது. இந்தச் சிறு ஏற்றத்தைத்தான் கருவி உணர வேண்டும்.

நீர் மிகுந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் நிலை தலைகீழாகிவிடும். எண்ணெய்க்குள் நீர்ச்சொட்டு என்பது போய், நீருக்குள் எண்ணெய்ச்சொட்டு என்றாகிவிடும். அப்போது உப்புநீர் வழியே மின்சாரம் தங்குதடையின்றிப் பாய, மின்தேக்கி செயலற்றுப்போகும். அந்நிலைக்கு நுண்ணலையையோ அகச்சிவப்பு ஒளியையோ கொண்டு அளக்கும் கருவிகளை நாடுகிறார்கள். கருவி எவ்வகையாயினும் ஓர் உண்மை பொதுவானது. எந்தக் கருவியும் குழாய் முழுவதையும் பார்ப்பதில்லை. தன் எதிரே வருவதை மட்டுமே பார்க்கிறது. இதன் பொருள் எனக்கு விளங்கிய கதையை இனிச் சொல்கிறேன்.

இரண்டு எண்கள்

நான் பயிற்சிக்குச் சென்ற நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கிருந்து ஆறங்குலக் குழாய் ஒன்று அடுத்த நிலையத்திற்குச் செல்கிறது. பகலில் இரண்டு பம்புகள் ஓடும். இரவில் ஒன்று ஓடும். நான் போவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் மின்தேக்கி வகைக் கருவி ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். அதற்குச் சில அடிகள் தள்ளி, அதே குழாயின் மேற்புறத்தில், மாதிரி எடுக்கும் பழைய குழாய்முனை இருந்தது.

இரவு முறையில் மாதிரி எடுப்பவர் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர். வயது ஐம்பதைக் கடந்தவர். எல்லாரும் அவரைக் ‘காகா’ என்று அழைப்பார்கள். நம்மூரில் சித்தப்பா என்பதுபோல. என்னை அவர் ‘திக்ரா’ என்பார். மகனே என்று பொருள். மணிக்கொருமுறை புட்டியோடு போய், முதலில் வரும் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டு, புட்டியைக் கழுவி, நிரப்பி, நேரம் எழுதி ஒட்டிக் கொண்டுவருவார்.

பகலில் கருவியும் புட்டியும் 2 சதவிகிதத்தை ஒட்டியே காட்டின. இரவிலோ புட்டியில் அரை சதவிகிதத்திற்கும் குறைவு. கருவியில் 5, 6, சில வேளை 8. இரவு முறையில் மட்டும் இப்படி ஏன்? மேலதிகாரி ஒருவர் விடை கண்டுவிட்டார். கருவி உறங்குவதில்லை, மனிதன் உறங்குவான். காகா குழாயருகே போகாமலேயே, நல்ல எண்ணெயை எங்கோ பிடித்து வைத்துக்கொண்டு புட்டிகளை நிரப்புகிறார் என்பது அவர் முடிவு. மாத இறுதியோடு நின்றுகொள்ளும்படி காகாவிடம் சொல்லிவிட்டார்கள்.

என் குற்றத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் அப்படியே நினைத்தேன். கருவி புதியது, அதன் விலை பெரிது, அதன் பின்னே நான் படித்த பௌதிகம் நிற்கிறது. ஒரு பக்கம் அது. மறுபக்கம் எண்ணெய் படிந்த சட்டையோடு ஒரு முதியவர். என் பயிற்சிக் குறிப்பேட்டில், ‘மாதிரி எடுப்பதில் மனிதப்பிழை’ என்று மையால் எழுதியும் வைத்தேன்.

அன்றிரவு காகா என்னிடம் வந்தார். அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. “திக்ரா, நீ படித்த பிள்ளை. ஒரு பம்பு ஓடும்போது இந்தக் குழாயில் கையை வைத்துப் பார். மேலே சூடு, கீழே அவ்வளவு இல்லை. இரவில் தண்ணீர் கீழே படுத்துக்கொள்கிறது. நான் மேலேயிருந்து பிடிக்கிறேன். உங்கள் இயந்திரம் கீழே தொட்டுக்கொண்டு நிற்கிறது. யார் பொய் சொல்வது?” என்றார்.

கையை வைத்துப் பார்த்தேன். அந்த வித்தியாசம் என் கைக்குப் புலப்படவில்லை. அவர் சொன்ன கேள்வி மட்டும் மனத்தைவிட்டு அகலவில்லை. மறுநாள் கருவிப் பிரிவின் இளம் பொறியாளரிடம் சொன்னேன். அவர் நல்லவர், சிரிக்கவில்லை. கருவியின் கம்பி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தோம். மேலிருந்து இறக்கிய கம்பியின் நுனி குழாயின் அடியை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருந்தது! உணரும் பகுதி அந்த நுனியில்தான் இருக்கிறது.

அன்றிரவு ஒரு பம்பு ஓடும்போது மூன்று புட்டிகள் பிடித்தோம். குழாயின் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியிலுள்ள வடிகுழாயில் ஒன்று. கரைப்பான் ஊற்றிச் சுழற்றியில் சுற்றிப் பார்த்தபோது, மேற்புட்டியில் நீர் இருந்த அடையாளமே அரிது. அடிப்புட்டியில் நீர் தனியே ஒரு பட்டையாக நின்றது. பகலில் இரண்டு பம்புகளும் ஓடும்போது அதே மூன்று இடங்களில் பிடித்தோம். மூன்று புட்டிகளும் ஒன்றுபோல் இருந்தன. அடுத்த நிலையத்தில் தொட்டியில் எண்ணெயைத் தங்கவிட்டு அளந்த கணக்கையும் கேட்டு வாங்கினோம். இரவில் அனுப்பிய எண்ணெயிலும் நீர் 2 சதவிகிதத்தை ஒட்டியே இருந்தது. காகாவின் புட்டியும் சரியன்று, கருவியும் சரியன்று. ஆனால் இரண்டுமே தாம் கண்டதைக் கண்டபடியே சொல்லியிருந்தன.

குழாய்க்குள் நடந்தது என்ன?

காவிரியில் புதுவெள்ளம் வருவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆற்றில் விரைந்து வரும்போது வண்டல் நீர் முழுவதும் பரவி, மேலும் கீழும் ஒரே செந்நிறமாக இருக்கும். அதே நீர் கடைமடை வாய்க்காலுக்கு வந்து வேகம் தணிந்ததும் வண்டல் அடியில் படிந்துவிடும். மேலே தெளிநீர் ஓடும். கடைமடையில் மேலாக ஒரு குவளை மொண்டு பார்த்து, ‘ஆற்றில் வண்டலே வரவில்லை’ என்று சொன்னால் எப்படியிருக்கும்?

எண்ணெயில் நீர்ச்சொட்டும் வண்டலைப் போன்றதே. அது எண்ணெயைவிடக் கனமானது. ஆகவே இறங்கப் பார்க்கிறது. குழாயில் ஓட்டம் விரைவாக இருந்தால் அதன் சுழிப்பு சொட்டுகளை உடைத்து, மேலும் கீழும் வாரி இறைக்கிறது. ஓட்டம் தணிந்தால் சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கின்றன. பெரிய சொட்டு இன்னும் விரைவாக இறங்குகிறது.

எண்களில் பார்ப்போம். ஆறங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். இரண்டு பம்புகளும் மணிக்கு 60 கனமீட்டர் தள்ளினால் எண்ணெயின் வேகம் நொடிக்கு 0.94 மீட்டர். ஒரு பம்பு 30 கனமீட்டர் தள்ளினால் 0.47 மீட்டர். பகலில் கலந்து ஓடிய அதே எண்ணெய் இரவில் அடுக்காகப் பிரிந்து ஓடியதன் இரகசியம் இதுவே. இரவு என்பதற்கும் உறக்கத்திற்கும் இதில் யாதொரு தொடர்பும் இல்லை. ஒரு பம்பு நின்றிருந்தது, அவ்வளவே.

எங்கே பொருத்துவது?

இனி, பொருத்தும் முறையைக் காண்போம். இவை புதுமையான விதிகள் அல்ல. இத்தொழிலில் தேர்ந்தவர்கள் அறிந்து கடைப்பிடிப்பவையே. ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலாவது, கூடுமானவரை எண்ணெய் கீழிருந்து மேலே செங்குத்தாக ஏறும் இடத்தில் பொருத்த வேண்டும். கிடைக்குழாயில் புவியீர்ப்பு, ஓட்டத்திற்குக் குறுக்கே இழுக்கிறது. ஆகவே நீர் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. செங்குத்துக் குழாயில் ஒதுங்குவதற்கு ‘அடிப்பக்கம்’ என்று ஒன்று இல்லை. குழாயும் எப்போதும் நிரம்பியே இருக்கும். ஆயினும் ஓட்டம் மிக மெதுவானால் நீர் ஏற மாட்டாமல் பின்தங்கும் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, கருவிக்கு முன்னால் எண்ணெய் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். பம்பைத் தாண்டிய இடம் நல்லது. வேகம் போதாவிட்டால் குழாய்க்குள் முறுக்கிய தகடுகளை உடைய கலக்கி ஒன்றை வைக்கலாம். அதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஓடும் எண்ணெயே தகடுகளில் மோதித் தன்னைக் கலக்கிக்கொள்கிறது. கலந்தபின் மீண்டும் பிரிவதற்கு இடம்கொடாமல், கருவி அதற்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது, வாயு சேரும் இடத்தைத் தவிர்க்க வேண்டும். குழாயின் மேட்டுப் பகுதியில் வாயு தங்கும். வால்வைப் பாதி மூடி அழுத்தத்தைக் குறைக்கும் இடத்தை அடுத்தும், எண்ணெயில் கரைந்திருந்த வாயு, சோடாப் புட்டியைத் திறந்ததுபோலக் குமிழியிட்டு வெளிவரும். வாயுவின் மின்காப்பு மாறிலி 1 மட்டுமே. ஆகவே குமிழிகள் கூடினால், நீர் குறைந்துவிட்டதாகக் கருவி கூறும். பள்ளப் பகுதியும் ஆகாது. அங்கே நீர் தேங்கிக் கிடக்கும்.

நான்காவது, கம்பியின் ஆழம். உணரும் பகுதி குழாயின் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். குழாயின் விட்டம், சுவரின் கனம், வால்வின் உயரம், அதைத் தாங்கும் குட்டைக்குழாயின் நீளம் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே அளந்து, எவ்வளவு இறக்க வேண்டும் என்று கம்பியின்மேல் குறியிட்டுவிட வேண்டும். நான் கண்ட நிலையத்தில் தவறியது இந்த ஓர் அளவுதான்.

ஐந்தாவது, உயிர்ப் பாதுகாப்பு. குழாயில் எண்ணெய் ஓடும்போதே கம்பியை இறக்கவும் ஏற்றவும் முழுத்துளை உடைய பந்து வால்வு ஒன்றை இடையில் வைக்கிறார்கள். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியின் முகப்பு ஏறத்தாழ 4.9 சதுர சென்டிமீட்டர். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் இருந்தால் கம்பியை வெளியே தள்ளும் விசை 196 கிலோ! இரண்டு நெல்மூட்டையைக்காட்டிலும் மிகுதி. பிடியைத் தளர்த்தும்போது கம்பிக்கு நேரே முகத்தை வைத்து நிற்பவர் கதி என்னவாகும்? ஆகவே திருகி இறக்கும் அமைப்பும், கம்பி முழுவதும் வெளியே பாயாமல் தடுக்கும் சங்கிலியும் கட்டாயம் வேண்டும். கருவியின் மின்பகுதி தீப்பொறி வெளிவராத உறைக்குள் இருக்க வேண்டும். நிலத்தொடர்பும் சரியாக இருக்க வேண்டும்.

ஆறாவது, கருவியைக் கழற்றித் துடைக்க வழி வேண்டும். மெழுகு மிகுந்த எண்ணெயில் கம்பியின்மேல் மெழுகு படியும். பிறகு கருவி எண்ணெயைப் பார்க்காமல் தன்மேல் ஒட்டிய மெழுகையே பார்த்துக்கொண்டிருக்கும். கருவிக்கு இருபுறமும் வால்வும், பக்கத்தில் மாற்றுக்குழாயும் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தாமலேயே துடைக்கலாம்.

ஏழாவது, மாதிரி எடுக்கும் முனை கருவிக்கு அருகில், அதே கலவையைக் காணும்படி இருக்க வேண்டும். அதன் வாயும் குழாயின் நடுவரை நீண்டிருக்க வேண்டும். கருவிக்கும் புட்டிக்கும் வழக்கு வந்தால், இருவரும் ஒரே காட்சியைக் கண்ட சாட்சிகளாக இருக்க வேண்டுமல்லவா?

கடைசியாக, சரிபார்த்தல். நீர் இல்லாத அதே எண்ணெயைக்கொண்டு சுழியைக் குறிக்க வேண்டும். வெப்பநிலைக்குத் திருத்தம் வேண்டும். ஒரே வேகத்தில் சரிபார்த்துவிட்டு முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்ளக் கூடாது. குழாய் எந்தெந்த வேகங்களில் ஓடுமோ, அவற்றுள் மிகக் குறைந்ததிலும் மிகக் கூடியதிலும் பார்க்க வேண்டும். அந்த நிலையத்தில் கருவியைப் பொருத்தியவர்கள் பகலில் வந்தார்கள், பகலில் சரிபார்த்தார்கள், பகலிலேயே போய்விட்டார்கள்.

பிறகு

அந்தக் கருவியைப் பம்பறையை அடுத்து எண்ணெய் செங்குத்தாக ஏறும் குழாய்க்கு மாற்றினார்கள். முன்னால் ஒரு கலக்கியை வைத்தார்கள். மாதிரி முனையும் அங்கேயே வந்தது. என் பயிற்சியின் கடைசி வாரத்தில் இரவிலும் பகலிலும் கருவியும் புட்டியும் ஏறத்தாழ ஒரே எண்ணையே சொல்லின.

காகாவை நிறுத்தும் உத்தரவும் கைவிடப்பட்டது. அதற்கான காரணத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அடுத்த மாத முறைப்பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான். நான் மட்டும் என் குறிப்பேட்டை அவரிடம் காட்டி, நான் எழுதியிருந்ததைப் படித்து அவருக்கு விளங்கும்படி இந்தியில் சொன்னேன். பிறகு அந்த வரியை அவர் எதிரிலேயே அடித்துவிட்டு, ‘கருவியும் மாதிரி முனையும் குழாயின் வெவ்வேறு உயரங்களில் இருந்தன’ என்று எழுதினேன். அவர் அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதைப் பொருத்தும்போதே என்னைக் கேட்டிருக்கலாமே, திக்ரா” என்றார்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை கருவிகளோடு வேலை செய்யப் போகிறவர்கள். ஆலையிலோ, மருத்துவமனையிலோ, வானிலை நிலையத்திலோ ஓர் எண்ணைக் காட்டி, அதை நம்பி ஒரு முடிவு எடு என்று நம்மிடம் சொல்லுவார்கள். அப்போது கருவி எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எத்தனை தசமம் வரை காட்டும் என்று கேட்பதற்கு முன்னால், அது எங்கே நிற்கிறது, அங்கிருந்து அதற்கு எது தெரியும், எது தெரியாது என்று கேட்டுக்கொள்வோம். அந்த இடத்தருகே பல ஆண்டுகளாக நிற்கும் மனிதர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரையும் ஒரு வார்த்தை கேட்போம்.